தங்கள் பதிவு எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில்?

கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடைசிப் பத்துப் பரிவர்த்தனைகள் கைப்பேசியில் ஒரு நொடியில் வந்துவிடுகின்றன. ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரேயொரு காசோலையின் விவரத்தைக் கேட்டால் மட்டும் இரண்டு நாள் ஆகும் என்கிறீர்களே, ஏன்? எல்லாம் கணினியில்தானே இருக்கிறது?"

நியாயமான கேள்விதான். ஆனால் "கணினியில் இருக்கிறது" என்பது, முன்பு "காப்பறையில் இருக்கிறது" என்று சொல்லி வந்ததைப் போன்ற விடையே. எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில் என்று தெரிந்தால்தான் பதிவை எடுக்க முடியும். ஒரு வாடிக்கையாளரைப் பற்றிய செய்திகளைச் சேமிப்பகத்தில் எங்கெங்கே, எந்த வரிசையில் வைப்பது என்று மென்பொருள் வகுப்போர் முதலிலேயே முடிவு செய்கின்றனர். பின்னாளில் எந்தக் கேள்விக்கு உடனே விடை கிடைக்கும், எதற்குக் காத்திருக்க வேண்டும், எதற்கு விடையே கிடைக்காமல் போகும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த முடிவைப் பொறுத்தவை. இதைப் பொருத்துதல் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறோம்.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பள்ளியிலேயே குறிப்பேடும் பேரேடும் கற்றோம். ஒரு நடவடிக்கை முதலில் குறிப்பேட்டில் நாள்வாரியாகப் பதியப்படும். பிறகு அதே நடவடிக்கை பேரேட்டில் கணக்குவாரியாக எடுத்தெழுதப்படும். ஒரே செய்தியை ஏன் இரண்டு முறை எழுத வேண்டும் என்று அந்நாளில் சலித்துக்கொண்டவர்களுள் நாங்களும் உண்டு. "சென்ற செவ்வாயன்று என்னென்ன நடந்தது?" என்று கேட்பவர் குறிப்பேட்டைத் திறப்பார். "இன்னாருடைய கணக்கில் என்ன நிலுவை?" என்று கேட்பவர் பேரேட்டைத் திறப்பார். குறிப்பேட்டின் ஓரத்தில் நாம் எழுதிய 'பே.ப.எ.' என்னும் பேரேட்டுப் பக்க எண்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி. பெருந்தரவு மென்பொருள்கள் செய்யும் வேலை அளவில் பன்மடங்கு பெரியதாயினும் தன்மையில் இதுவே.

மென்பொருள் காணும் வாடிக்கையாளர்

வங்கியின் மென்பொருளுக்குள் ஒரு வாடிக்கையாளர் ஒரு 'பொருளாக' இருக்கிறார். சொல் சற்றுக் கடுமையாக ஒலிக்கலாம். ஆயினும் கணினித்துறையில் வழங்கும் சொல் அதுதான். அப்பொருளுக்குள் அவருடைய பெயர், பிறந்த தேதி, முகவரிகள், கைப்பேசி எண், கையொப்பத்தின் படம், நியமனதாரர் ஆகியவை அடங்கும். அவருடைய கணக்குகளும் அதற்குள் அடங்கும். ஒவ்வொரு கணக்குக்குள்ளும் நூற்றுக்கணக்கான பதிவுகள் அடங்கும். பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய அமைப்பு இது. சேமிப்பகமோ தட்டையானது. அங்கு இருப்பவை வரிசையாக அடுக்கிய பைட்டுகள் மட்டுமே. பெயர், முகவரி என்ற வேறுபாடே அதற்குத் தெரியாது. பெட்டிக்குள் பெட்டியாக இருப்பதைத் தட்டையான வரிசையில் வைத்து, கேட்கும்போது மீண்டும் பெட்டிகளாக எடுத்துத் தருவதே பொருத்துதலின் பணி.

பல பத்தாண்டுகளாக இதற்கு வழக்கில் இருந்து வருவது அட்டவணை முறை. வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, கணக்குகளுக்கு ஓர் அட்டவணை, பதிவுகளுக்கு ஓர் அட்டவணை. இவற்றை வாடிக்கையாளர் எண்ணும் கணக்கு எண்ணும் இணைக்கும். இன்றும் தங்கள் கணக்கின் இருப்பு இத்தகைய தரவுத்தளத்தில்தான் காக்கப்படுகிறது. ஒரு கணக்கில் பற்று வைத்து மற்றொரு கணக்கில் வரவு வைக்கும் இரு செயல்களும் ஒருங்கே நிறைவேற வேண்டும். அன்றேல் இரண்டுமே நிகழாமல் போக வேண்டும். இந்த உறுதியை அம்முறை நன்கு அளிக்கிறது.

சிக்கல் அளவிலிருந்து வந்தது. 2016-ஆம் ஆண்டு அறிமுகமான யூபிஐ முறையில், நாடு முழுவதும் ஒரே மாதத்தில் நடந்த பரிவர்த்தனைகள் 2023 ஆகஸ்டில் 1,000 கோடியைக் கடந்தன. தேநீர்க்கடையில் செலுத்தும் பத்து ரூபாயும் ஒரு பதிவு. வீடு வாங்கச் செலுத்தும் முன்பணமும் ஒரு பதிவு. இருப்பைக் காக்கும் தரவுத்தளத்திலேயே பல ஆண்டுகளின் பழைய பதிவுகளையும் அடைத்து வைத்தால் அன்றாட வேலை தடுமாறும். ஆகவே, பழைய பதிவுகளின் படிகளைப் பல கணினிகளில் பரப்பி வைக்கும் பெருந்தரவு அமைப்புகள் தேவைப்பட்டன.

இவற்றின் தோற்றுவாய் வங்கித்துறை அன்று, இணையத் தேடல்தான். கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் கோப்பு அமைப்பைப் பற்றி 2003-லும், பெரும் கணக்கீடுகளைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையைப் பற்றி 2004-லும், பிக்டேபிள் என்னும் சேமிப்பு முறையைப் பற்றி 2006-லும் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டனர். அவற்றைப் பின்பற்றி, எவரும் பயன்படுத்தத்தக்க கட்டற்ற மென்பொருள்களாக ஹடூப்பும் எச்பேஸும் உருவாயின. ஹடூப் என்பது அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான டக் கட்டிங்கின் மகன் தன் பொம்மை யானைக்கு வைத்திருந்த பெயர்.

ஹடூப் ஒரு பெரிய கோப்பை வழக்கமாக 128 மெகாபைட் அளவுள்ள துண்டங்களாக்கி, ஒவ்வொரு துண்டத்துக்கும் மூன்று படிகள் எடுத்து வெவ்வேறு கணினிகளில் வைக்கிறது. மூன்றும் ஒரே அடுக்கிலுள்ள கணினிகளில் அமையாதவாறு பார்த்துக்கொள்கிறது. எனவே ஒரு கணினி பழுதானாலும், ஓர் அடுக்குக்கே மின்சாரம் நின்றாலும் பதிவு அழியாது. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மூன்று படிகள் இருப்பது காப்புப்படி வைத்திருப்பதற்கு ஈடாகாது. தவறுதலாக ஒரு கோப்பை அழிக்க ஆணையிட்டால் மூன்று படிகளும் ஒருங்கே போய்விடும். அதனால்தான் தனிக் காப்புப்படிகள் வேறு இடத்தில் வைக்கப்படுகின்றன.

வரிசை முறையே விடையைத் தீர்மானிக்கிறது

துண்டங்களைச் சிதறி வைப்பதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். மனிதர்கள் சிந்திக்க வேண்டிய இடம் எச்பேஸ் போன்ற அமைப்புகளில் வருகிறது. அங்கு ஒவ்வொரு வரிக்கும் ஒரு திறவுகோல் உண்டு. எல்லா வரிகளும் அத்திறவுகோலின்படி அகராதிபோல வரிசைப்படுத்தப்படும். அகராதியில் 'ம' எழுத்தில் தொடங்கும் சொற்களை எளிதில் காணலாம். 'ம்' என்று முடியும் சொற்களை மட்டும் கேட்டால் முழு நூலையும் புரட்டத்தான் வேண்டும். திறவுகோலின் தொடக்கம் எதுவோ, அதை முன்வைத்துக் கேட்கும் கேள்விக்கே விரைவான விடை கிடைக்கும்.

கணக்கு எண்ணை முதலிலும் தேதியை அடுத்தும் வைத்துத் திறவுகோல் அமைப்பதாகக் கொள்வோம். ஒருவருடைய பதிவுகள் யாவும் அருகருகே அமைந்துவிடும். ஆனால் பழையது முதலிலும் புதியது கடைசியிலும் வரும். வாடிக்கையாளர் விரும்புவதோ கடைசிப் பத்து. இதற்கு ஒரு எளிய உத்தி உண்டு. தேதியை அப்படியே எழுதாமல், ஒரு பெரிய எண்ணிலிருந்து கழித்து எழுதுவார்கள். 2025 ஜூன் 14 என்பதை 20250614 என எழுதி 99999999-லிருந்து கழித்தால் 79749385 கிடைக்கும். மறுநாளுக்கு 79749384, அதாவது ஓர் எண் குறைவு. ஆகவே புதிய பதிவு தானாகவே மேலே வந்து அமரும். இவ்வாறு அமைத்த சேமிப்பகத்தில், கடைசிப் பத்தைத் தேட வேண்டியதே இல்லை. கணக்கு தொடங்கும் இடத்துக்குச் சென்று பத்து வரிகளைப் படித்தால் போதும்.

மற்றொரு நுட்பம். அகராதி வரிசையில் '10' என்பது '9'-க்கு முன்னே வரும். ஏனெனில் ஒன்று என்னும் இலக்கம் ஒன்பதுக்கு முந்தியது. முன்னால் சுழியங்களை இட்டு '0009', '0010' என்று எழுதினால்தான் வரிசை சரியாகும். படிவங்களில் பொருளற்றவை போலத் தோன்றும் முன்சுழியங்களை விட்டுவிட வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவதை இங்கே நினைவுகூரலாம்.

இனி, தேதியை முதலில் வைத்தால் என்ன ஆகும்? ஒரு நாளின் நடவடிக்கைகள் அனைத்தையும் கேட்கும் தணிக்கையாளருக்கு அது வசதி. ஆனால் இன்றைய பதிவுகள் யாவும் ஒரே பகுதியில், ஒரே கணினியில் போய்க் குவியும். பத்து முகப்புகள் திறந்திருக்கும் கிளையில் அத்தனை பேரும் முதல் முகப்பின் முன்னால் வரிசை கட்டி நிற்க, மற்ற ஒன்பது பேரும் கைகட்டி அமர்ந்திருப்பதற்கு ஒப்பானது அது. திறவுகோலின் முன்னால் ஒரு சிறு எண்ணைச் சேர்த்துப் பதிவுகளைப் பரப்பலாம். அப்போது ஒரு நாளின் பதிவுகளைக் கேட்பவர் எல்லாக் கணினிகளிடமும் தனித்தனியே கேட்டு விடைகளைத் திரட்ட வேண்டும். எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் ஒரே வரிசை கிடையாது. ஆகவே பல இடங்களில் ஒரே பதிவு இரண்டு வரிசைகளில் இரண்டு முறை எழுதப்படுகிறது. குறிப்பேடும் பேரேடும் வேறு உருவில் திரும்பி வந்துவிட்டன! இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று நாள்தோறும் சரிபார்க்கும் வேலையும் உடன் வந்துவிட்டது. நம்முடைய இருப்பாய்வுக்கு அது நெருங்கிய உறவு.

ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய காசோலை ஏன் தாமதமாகிறது என்பதும் இப்போது விளங்கும். வாடிக்கையாளர் காசோலை எண்ணை மட்டும் தருகிறார். வரிசையோ கணக்கு எண்ணையும் தேதியையும் கொண்டது. போதாக்குறைக்கு, மிகப் பழைய பதிவுகள் அன்றாடப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டு வேறு சேமிப்பகத்துக்குச் சென்றிருக்கும். ஏறத்தாழ எந்த மாதம் என்று சொன்னாலே தேடும் பரப்பு பெரிதும் சுருங்கிவிடும். அடுத்த முறை பழைய விவரம் கேட்டு விண்ணப்பிக்கும்போது கணக்கு எண்ணையும் உத்தேச மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். வேலை விரைந்து முடியும்.

பொருத்துக் கோப்பு

மென்பொருளிலுள்ள 'பெயர்' சேமிப்பகத்தில் எந்த நெடுவரிசைக்குச் செல்லும், 'கைப்பேசி எண்' எதற்குச் செல்லும் என்பதை ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும். அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கீழ் உருவான கோரா என்னும் கட்டற்ற மென்பொருளில் இதற்கென்றே தனிக் கோப்பு உண்டு. நிரலை எழுதுபவர் வாடிக்கையாளர், கணக்கு என்ற சொற்களிலேயே சிந்திக்கலாம். அவை எந்தச் சேமிப்பகத்தில் எவ்வாறு அமையும் என்பதை அந்தக் கோப்பு சொல்லும். வங்கிகளில் வழங்கும் மென்பொருள்கள் பலவகைப்பட்டவை. ஆயினும் இத்தகைய ஒரு பொருத்துக் குறிப்பு ஏதோ ஓர் உருவில் எங்கும் இருந்தே தீரும்.

அதில் கவனிக்க வேண்டியவை பல. ஒருங்கே படிக்கப்படுபவற்றை ஒருங்கே வைக்க வேண்டும்; இருப்பைக் கேட்கும்போதெல்லாம் கையொப்பப் படத்தையும் சுமந்து வருவது வீண். தொகையைத் தசமப் பின்னமாக வைக்காமல் பைசாக் கணக்கில் முழு எண்ணாக வைப்பது நல்லது. கணினி பின்னங்களை இரும எண்களில் கையாளும் வழக்கமான முறையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் விடை சரியாக 0.3 ஆவதில்லை, கடைக்கோடி இலக்கத்தில் ஒரு துளி மிகும். பொறியியலில் அதைப் பொருட்படுத்தாதிருக்கலாம். பேரேட்டில் முடியாது.

எங்கள் கருத்தில் இவற்றினும் இடர் மிக்கது பெயர் மாற்றம். நேற்றுவரை 'தொலைபேசி' என்னும் நெடுவரிசையில் எழுதப்பட்டு வந்த எண், இன்றைய பொருத்துக் கோப்பில் 'கைப்பேசி' என்று மாற்றப்பட்டதாகக் கொள்வோம். பழைய எண்கள் அழிவதில்லை. பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும். ஆனால் மென்பொருள் புதிய இடத்தில் மட்டுமே பார்க்கும். அங்கு ஒன்றும் இல்லை என்று சொல்லும். பதிவு இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சட்டம் மாறும்போதும் பொருத்துதல் மாற வேண்டியிருக்கிறது. ஒரு வைப்புக் கணக்குக்கு ஒரே நியமனதாரர் என்பதே நெடுங்காலம் இருந்த நிலை. அதற்கு ஓர் இடம் போதுமானதாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர்வரை நியமிக்கலாம். அவர்களுக்கு ஒரே நேரத்தில் பங்கு விகிதம் குறித்து நியமனம் செய்யலாம். அன்றி ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் குறிக்கலாம். பாதுகாப்புப் பெட்டகத்துக்குப் பின்னதான வரிசை முறை மட்டுமே உண்டு. ஒரு பெயர் இருந்த இடத்தில் இப்போது பெயர்களின் பட்டியலும், பங்கும், வரிசை எண்ணும் தேவைப்படுகின்றன. பழைய ஒற்றைப் பெயரைப் புதிய பட்டியலில் முழுப் பங்குக்கு உரியவராக எடுத்தெழுத வேண்டும். வாடிக்கையாளர் படிவத்தில் நிரப்பும் மூன்று வரிகளுக்குப் பின்னால் இத்தனை வேலை இருக்கிறது.

ஆள் ஒருவர், எண்கள் இரண்டு

மிகச் சிறந்த பொருத்துதலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தப் பதிவு யாருடையது என்பதே அது. நம் மக்களின் பெயர்முறை இதில் தனிச் சிக்கல். முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டங்கள் கொண்ட படிவம், குடும்பப்பெயர் வழங்காத தமிழருக்காக வரையப்பட்டதன்று. கண்ணன் என்பவரின் மகன் முருகன் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒரு கிளையில் 'க. முருகன்', மற்றொரு கிளையில் 'முருகன் கண்ணன்', வேறோர் ஊரில் 'கண்ணன் முருகன்'. ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்னும் இரண்டு வேறுபாடுகள் சேரலாம். மனிதருக்கு இவை ஒருவரே என்று தோன்றும். அகராதி வரிசைக்கு இவர்கள் வெவ்வேறு பக்கங்களில் வாழும் வெவ்வேறு மனிதர்கள்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரே அடையாளக் குறியீடு வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2012-ல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது இதனால்தான். ஆயினும், பழைய பதிவுகளில் இரட்டை எண்கள் அறவே நீங்கிவிட்டன என்று நாங்கள் உறுதி கூற மாட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் எங்கள் கிளைக்கு வந்தார். மறைந்த கணவர் பணி மாறுதலில் பல ஊர்களில் இருந்தவர். அவருடைய நாட்குறிப்பில் ஒரு நிலை வைப்பின் தொகையும் கிளையின் பெயரும் மட்டும் எழுதப்பட்டிருந்தன, ரசீது கிடைக்கவில்லை. கணவரின் வாடிக்கையாளர் எண்ணை இட்டுப் பார்த்தோம். சேமிப்புக் கணக்கு ஒன்றே வந்தது. "வேறு ஒன்றும் இல்லை, அம்மா" என்று சொல்லி அனுப்பினோம். திரும்ப வந்தார். மறுபடியும் அதே எண், அதே விடை. எங்களை நம்பாமல் அவர் மூன்றாம் முறை வந்தது நல்லதாயிற்று.

இருப்பதைக் காண முடியாமல் போவது சிறிய செய்தியன்று. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எந்த நடவடிக்கையும் செய்யாத சேமிப்புக் கணக்கு செயலற்றதாகக் கருதப்படும். பத்து ஆண்டுகள் எவரும் உரிமை கோராத வைப்புகள், 2014-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அதன் பிறகும் உரிமை அழிவதில்லை. உரியவர் தம் வங்கியை அணுகிப் பெறலாம். பல வங்கிகளிலும் உள்ள உரிமை கோராத வைப்புகளை ஒரே இடத்தில் தேடுவதற்காக உத்கம் என்னும் இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கியது. அங்கே கணக்குதாரரின் பெயருடன் பான் எண், வாக்காளர் அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, பிறந்த தேதி ஆகியவற்றுள் ஒன்றையாவது தர வேண்டும். தேடுவோர் பெயரைப் பலவிதமாக எழுதிப் பார்ப்பது நல்லது. பழைய பதிவில் பான் எண்ணே இல்லையென்றால் பான் எண்ணைக் கொண்டு தேடி என்ன பயன்?

அந்த அம்மையாரிடம், மூன்றாம் முறை, எங்கள் சக அலுவலர் ஒருவர் வேறு வகையில் கேட்டார்: அந்த ஊரில் எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள்? தெருப் பெயரைக் கொண்டு அக்கிளையினர் தேடியபோது, முன்னெழுத்து விரிக்கப்பட்டு முன்பின்னாக மாறிய பெயரில் இரண்டாவது வாடிக்கையாளர் எண் கிடைத்தது. பான் எண் இல்லை. கைப்பேசி எண் இல்லை. பிறந்த தேதி கட்டத்தில் 1-1-1900 என்று இருந்தது. தேதி தெரியாதபோது ஏதோ ஒரு காலத்தில் மென்பொருள் தானாக நிரப்பியது. எங்கள் பதிவின்படி அவர் கணவர் நூறு வயதைக் கடந்தவர்.

வைப்பு முதிர்ந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. நியமனதாரர் பெயர் மட்டும் பிழையின்றி, அம்மையாரின் அடையாள அட்டையில் உள்ளபடியே பதிவாகியிருந்தது. கணவர் தம் கைப்பட நிரப்பிய படிவத்திலிருந்து அதை யாரோ ஓர் எழுத்தர் கருத்துடன் பார்த்து எழுதியிருக்கிறார். தொகை அவர் கணக்கில் வரவு வைக்கப்பட்ட பின், தம்முடைய வாடிக்கையாளர் எண்களும் இரண்டாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுமாறு அவர் எங்களிடம் கேட்டார். பார்த்தோம். இரண்டுதான் இருந்தன. அன்றே பான், ஆதார் நகல்களைப் பெற்று அவற்றை ஒன்றாக இணைக்க விண்ணப்பம் வாங்கிக்கொண்டோம்.